பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், பெட்டியைத் திறந்து பார்க்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, வெடிக்கக்கூடிய இடங்களில் மாட்டும் மின்சாதனங்களுக்குப் பாதுகாப்புச் சான்று கொடுப்பதைப் பற்றி விளக்க ஆரம்பித்தால், பக்கத்து இலைக்காரர் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். எனக்கும் விளக்கும் பொறுமை கிடையாது. எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, லைசென்ஸ் வாங்கி, மதுரையில் உள்ள ஒரு சோதனைக் கம்பெனிக்காகப் பதினைந்து வருடமாகச் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் ஏறி இறங்குகிறேன். பொறுமை எல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது.

வெடிமருந்து கலக்கிற அறையில் மின்சாரமே கூடாது. அங்கே பகல் வெளிச்சம்தான். பேக்கிங் ஹால், மோட்டார் அறை மாதிரியான இடங்களில் மட்டும் விளக்கும் விசிறியும் உண்டு. ஆனால் அவற்றின் சுவிட்சும் வயர் இணைப்பும் ‘பிளேம்ப்ரூஃப்’ பெட்டிக்குள் இருக்க வேண்டும். கெட்டியான அலுமினிய வார்ப்பு, ஒரு கையால் தூக்க முடியாது. சுவிட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு பொறி வரும். அந்தப் பொறி பெட்டிக்குள்ளே புகுந்த எதையாவது பற்றவைத்தாலும் தீ வெளியே வரக்கூடாது. பெட்டி காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்திருப்பதால்தான் வராது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பெட்டியின் விளிம்பும் மூடியின் விளிம்பும் விரல் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவே தலைமுடியைவிடக் குறைந்த ஒரு சந்து. உள்ளே வெடித்தால் சூடான காற்று அந்தச் சந்து வழியே உலோகத்தில் உரசி உரசி ஆறித்தான் வெளியே வரும். அழுத்தம் போக வழி உண்டு, தீ போக வழி இல்லை. சந்து கூடினாலும் கெட்டது, அடைத்தாலும் கெட்டது.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்துத்தான் ஒரு பெட்டிக்குச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்றின் நம்பர் பெட்டியின் நெற்றியில் சின்னத் தகட்டில் இருக்கும். மாட்டிய பிறகு பெட்டி அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு போல்ட் குறைந்தாலும் சான்று செல்லாது என்று கரடியாகக் கத்தியிருக்கிறேன். சான்றிதழை லேமினேட் செய்து, பிரேம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் வைப்பார்கள். பெட்டியில் நாலு போல்ட்டுக்கு மூணுதான் இருக்கும். சந்தனம் மட்டும் நாலு மூலையிலும் இருக்கும்.

ஊருக்கு உபதேசம் சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு உபதேசம் வீட்டிலிருந்தே வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சூலக்கரையைத் தாண்டி ஒரு தெருவில், அண்ணன் மதினியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அண்ணன் லோடு லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வடக்கே. வீடு எங்கள் இரண்டு பேர் கையில்தான். நான் ஸ்கூட்டரில் கிளம்புவேன், மதினி காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறுவாள். பட்டாசு பேக்கிங்கில் அவளுக்கு இருபது வருடப் பழக்கம். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதே வேன்தான். அவர்களுடைய தாய் தகப்பன் காட்டுவேலைக்குப் போனவர்கள், இவர்கள் கம்பெனிக்குப் போகிறார்கள்.

மதினியின் தங்கச்சி வேறொரு ஆலையில் வேலை பார்த்து, ஒரு விபத்தில் போய்விட்டாள். கல்யாணம் பேசி வைத்திருந்த பெண். தரையில் சிந்திக் கிடந்த பொடியில் ஏதோ உரசியது என்று சொன்னார்கள். வேறு யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை. அதிலிருந்து மதினிக்குத் தூசி என்றால் ஆகாது. வீட்டில் விளக்கு மாடத்தில் விரலை வைத்து எடுத்துப் பார்ப்பாள். கம்பெனியிலும் அப்படித்தான் என்று கேள்வி. ஹாலுக்குள் நுழையும் இடத்தில் உடம்பில் உள்ள மின்னூட்டம் இறங்குவதற்கு ஒரு செம்புத் தகடு வைத்திருப்பார்கள், தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மதினி அந்தத் தகட்டையும் தினம் ஈரத்துணியால் துடைப்பாளாம்.

அந்தக் கம்பெனிக்கு மூன்று யூனிட். வருடாந்திரச் சோதனை எப்போதும் மாசியில் வரும், வேறொருவர் போவார். போன வருடம் புதிதாக விசிறிகள் மாட்டியதால் ஆடியிலேயே சோதனை வைத்து, என்னைப் போகச் சொன்னார்கள். என் மதினி அங்கே வேலை பார்க்கிறாள், வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கண்ணுக்கு மதினியென்ன, மாமியாரென்ன என்ற திமிர்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை எங்கள் பக்கத்தில் வந்து பார்த்தால் நம்பலாம். அன்றைக்கும் கரிசல் புழுதி சுற்றிச் சுற்றி அடித்தது. போர்மேன் என்னைப் பேக்கிங் ஹாலுக்குள் கூட்டிப்போனார். அறுபது பெண்கள் பாயில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மதினி நடு வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள், எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜன்னல் சந்துகளில் எல்லாம் பிரவுன் காகிதம் ஒட்டியிருந்தது. அது அங்கே வழக்கம். ஆடி பிறந்தால், மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு, அந்தப் பசையில் காகிதத்தை ஒட்டிப் புழுதியைத் தடுப்பார்கள். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது உரித்து எடுத்துவிடுவார்கள். வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டுவதும் திரிக்குக் காகிதம் சுற்றுவதுமாகப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு சந்து கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

முதல் சுவிட்ச் பெட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். மூடியின் ஓரத்தைச் சுற்றி, பெட்டியோடு சேர்த்து, பிரவுன் காகிதம் ஒட்டியிருந்தது. அடுத்ததிலும் ஒட்டியிருந்தது. எட்டுப் பெட்டி, எட்டிலும் ஒரு பிசிறு இல்லாமல் ஒட்டியிருந்தது. மூலையில் காகிதத்தை இரண்டாக மடித்து உள்ளே செருகியிருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு மளிகை டப்பாக்களுக்கு மதினி உறை போடுகிற அதே மடிப்பு அது.

போர்மேன் பெருமையாகச் சொன்னார். “பாத்தீகளா மேடம், பொம்பளைக எம்புட்டு உசாரா இருக்காகன்னு. பெட்டிக்குள்ள ஒரு பொடி போகாது.”

நான் திரும்பி மதினியைப் பார்த்தேன். இப்போது அவள் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மார்க் வாங்கப்போகிற பிள்ளையின் முகம்.

அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். பதினைந்து வருடத்தில் எத்தனை ஹாலில் மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன், எத்தனை மேனேஜர்களின் சாபத்தை வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் தீபாவளி சீசன் நேரத்தில் ஹால் நிற்கும். யார் ஒட்டியது என்று கேட்பார்கள். சான்று பெற்ற சாதனத்தில் கை வைத்தவர்களை அங்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், இரண்டாவது பேச்சே கிடையாது. “வயரிங் வரைபடம் பாக்கணும், மிச்சத்த நாளைக்கு வந்து முடிச்சிர்றேன்” என்று போர்மேனிடம் சொல்லி வெளியே வந்துவிட்டேன். பகல் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் வரை யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொன்னதை வைத்து என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

சாயங்காலம் மதினி வேனில் வந்து இறங்கி, குளித்து, தோசைக்கல்லைப் போட்டாள். அவளே ஆரம்பித்தாள். “போர்மேன் சொன்னாரா? பெட்டிய நாந்தேன் ஒட்டுனேன்.”

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. “யாரக் கேட்டு மதினி ஒட்டுனீக? அது என்ன மொளகாத்தூள் டப்பாவா?”

“ஏன் கத்துற? சந்து இருந்துச்சு, தூசி போகும்ல. உள்ள போய்ப் பத்திக்கிச்சுன்னா அறுபது பேரு உள்ள ஒக்காந்துருக்கோம்.”

“சந்து இருக்கணும்னுதான் வச்சிருக்கு! தூசிய மறிக்க உள்ளுக்குள்ள ரப்பர் வளையம் இருக்கு. ஒங்களுக்கு எங்க தெரியும்?”

அவள் முகம் சுண்டிப்போனது. எங்களுக்குள் சண்டை புதிதில்லை, ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியாமல் நின்றேன். பிறகுதான், அவளுக்குத் தெரிந்ததை வைத்தே கேட்கலாம் என்று தோன்றியது.

“மதினி, அணுகுண்டுக்கு எதுக்கு அம்புட்டுச் சணல் சுத்துறாக?”

“இறுக்கம் வேணும்ல. இறுக்கிக் கட்டுனாத்தான வெடிக்கும். இல்லேன்னா புஸ்ஸுனு போயிரும்.”

“புஸ்வாணம் ஏன் வெடிக்கல?”

“அதுக்கு வாய் தெறந்து இருக்குல்ல. வாயக் கட்டுனா அதுவும்…”

பாதியில் நின்றுவிட்டாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. நான்தான் எட்டி அடுப்பை அணைத்தேன்.

“ஏ தாயி, அப்ப நான் வாயக் கட்டி வச்சிருக்கேனா?”

ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உள்ளே ஏதாவது வெடித்தால்தான் ஆபத்து, எல்லாப் பெட்டியிலும் வெடிப்பதில்லை என்று ஏதோ உளறினேன். அவள் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலுமினியப் பொடி ஏறிய அந்தக் கை எத்தனை சோப்புப் போட்டாலும் மினுமினுக்கும்.

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். “நாளைக்குக் காலைல சீக்கிரம் போய் எட்டையும் உரிச்சிருங்க. நான் பத்து மணிக்கு வாறேன். சுத்தமா இருக்குன்னு எழுதிர்றேன். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.”

இதைச் சொன்னது நான்தான். ஒரு போல்ட் குறைந்தால் சான்றைக் கிழிப்பவள் சொன்னது. எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

மதினி தலையை ஆட்டினாள். “எட்டு இல்ல தாயி.”

“பெறகு?”

“மூணு யூனிட்டுலயும் ஒட்டியிருக்கு. சீசனுக்கு ஆள மாத்தி மாத்தி விடுவாகல்ல, போற எடத்துல எல்லாம் சொல்லிக் குடுத்தேன். மூணு ஆடியா ஒட்டுறாக, ஆயுத பூஜைக்கு உரிச்சிருவாக, அதேன் மாசில வாறவரு கண்ணுல படல. நல்லதுன்னு நெனச்சுத்தேன் சொன்னேன்.”

மூன்று யூனிட்டுக்கும் எத்தனை பெட்டி வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். பிறகு நான், மற்ற பெண்களிடமும் போனில் சொல்லி உரிக்கச் சொல்லலாம் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். “அஞ்சு பேரு கேப்பாக, ஆறாவது ஆளு நாளைக்குன்னு சொல்லும். அடுத்த ஆடிக்குப் புதுசா ஒரு புள்ள வந்து ஒட்டும். நீ எழுது.”

“எழுதுனா ஒங்க வேல போயிரும் மதினி. வேற கம்பெனியிலயும் எடுக்க மாட்டாக.”

“போகட்டும்.”

“சொல்றது லேசு. அண்ணன் வந்து என்னையத்தான் கேக்கும், கூடப் பொறந்தவ இருந்து இப்பிடிப் பண்ணிட்டியேன்னு.”

அப்போது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“என் தங்கச்சி வேல பாத்த எடத்துலயும் யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே எதையாச்சும் பாத்துருப்பாக. நம்ம ஆளு, பாவம், பொளப்பு போயிரும்னு எழுதாம விட்டுருப்பாக. ஒன்னிய மாதிரி நல்லவுகளாத்தேன் இருந்துருப்பாக.”

நான் என் பையை எடுத்து வந்தேன். பையைத் திறந்து அறிக்கைத் தாளை எடுத்தேன். மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த யூனிட்டில் எந்த ஹாலில் எத்தனை பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்தச் சுவரில், எந்த ஜன்னலுக்கு மேலே என்பதுவரை அவளுக்கு நினைவிருந்தது. நான் எழுதினேன். மூன்று யூனிட்டிலும் மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொரு மூடியையும் கழற்றி, விளிம்பைச் சுத்தம் செய்து, சந்தின் அகலத்தை அளந்த பிறகே இணைப்புத் தர வேண்டும் என்று கடைசியில் எழுதினேன். அன்றே என் கம்பெனி மேலாளருக்குப் போன் செய்து மதினி விஷயத்தையும் சொன்னேன். அவர் திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. ஒட்டியவர் யார் என்ற இடத்தில், பணியாளர்கள் புழுதிக்காக ஒட்டியிருக்கிறார்கள் என்று பொதுவாகப் போட்டேன். படிவத்தில் பெயர் கேட்கவில்லை, அதனால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதினி எட்டிப் பார்த்தாள். எழுந்து, கருகிய தோசையைச் சுரண்டப் போனாள்.

மறுநாள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். எனக்குப் பதில் வேறொரு பொறியாளரை அனுப்பினார்கள். அங்கே நடந்ததைப் போர்மேன்தான் பிறகு எனக்குச் சொன்னார். மேனேஜர் பேக்கிங் பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஒட்டியது யார் என்று கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த மூன்று பேரை நிறுத்திவிடுவேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மதினி வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டாள். “நாந்தேன் அண்ணாச்சி. அந்தப் புள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது.” அவளை உடனே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு வேன் கிடையாது. புழுதிக் காற்றில் மெயின் ரோடுவரை நடந்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

பெட்டிகளைத் திறந்த பொறியாளர் என்னிடம் சொன்ன ஒரு விஷயம் உண்டு. பசை சில பெட்டிகளில் சந்துக்குள்ளேயே இறங்கிக் காய்ந்திருந்தது. அதில் இருந்த துத்தம் அலுமினிய விளிம்பை அரித்துக் குழி போட்டிருந்தது. வெளியே காகிதத்தை மட்டும் உரித்திருந்தால், கீழே நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும். பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். இதை நான் மதினியிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அரித்த பெட்டிகளைக் கழற்றி, சான்றுள்ள புதுப் பெட்டி வந்து மாட்டி முடிப்பதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் யாருக்கும் வேலை இல்லை. சீசனில் பன்னிரண்டு நாள் என்றால் எங்கள் தெருவில் அது சின்ன விஷயம் இல்லை. குழாயடியில் மதினி குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். மூன்றாவது வீட்டுக்காரி, மதினிக்குப் பக்கத்துப் பாயில் பத்து வருடம் உட்கார்ந்தவள், எங்கள் வாசலில் வந்து நின்றே கத்தினாள். “நாத்தனா ஆபீசருன்னு ஊரு வாயில மண்ணப் போட்டுட்டீகள்ல!” நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். மதினி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அண்ணன் வந்து விஷயத்தைக் கேட்டான், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மதினியோடு வழக்கம்போல் பேசினான்.

ஆலை திறந்த அன்று காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. மதினி தெருவில் போய் நின்றாள். ஏறப்போகிறாளோ என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்களிடம், “பெட்டி ஓரத்தப் பாருங்க தாயி. யாரும் ஒட்ட விடாதீக” என்றாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். மறுநாளும் போய் நின்றாள், அதற்கு மறுநாளும். ஒருத்தி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். வேண்டாம் மதினி, மரியாதையாக வீட்டுக்குள் இருங்கள் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். இது என்ன பிடிவாதம் என்று கத்தியும் பார்த்தேன். ஏழு மணி ஆனால் அவள் தெருவில்தான் நின்றாள்.

இந்த வருடம் ஆடி பிறந்து மூன்றாம் நாள், நல்ல காற்று. வேன் வந்து நின்றது. மூன்றாவது வீட்டுக்காரி ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டி, சுட்டுவிரல் நகத்தைக் காட்டினாள். அவள் அத்தனை மாதத்தில் மதினியோடு பேசியது அதுதான் முதல் தடவை.

“நேத்து சாயங்காலம் கரண்ட நிறுத்துனதும், ஸ்டூல் போட்டு ஏறி ஓரத்துல நகத்த வச்சுத் தடவிப் பாத்தேன்க்கா. எட்டுப் பெட்டியும் சுத்தமா இருக்கு. ஒரு புள்ள பசையத் தூக்கிக்கிட்டு வந்துச்சு, சத்தம் போட்டு வெரட்டி விட்டேன்.”

மதினி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தும் விடவில்லை.

“நாளைக்கும் பாரு தாயி” என்றாள்.